கேட்கத் தெரிந்தவர்கள் தேவை

போர் முடிவுற்ற 2009ஆம் ஆண்டிற்குப் பின்னர் வடபகுதியில் நடைபெற்ற செயலமர்வுகளுக்குக் கணக்கில்லை. செய்தியாளன் என்ற முறையில் அவற்றுட் பலவற்றிற்குச் சென்றிருக்கிறேன். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, வளவாளரின் விரிவுரை, தேநீர், சான்றிதழ், குழுப்படம் என்ற ஒழுங்கு எங்கும் மாறியதில்லை. அவற்றின் பின் நடந்த ஒரு கூட்டம் மட்டும் இன்றும் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கின்றது.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கென ஒரு கிராமத்தின் பொதுநோக்கு மண்டபத்தில் கூடிய ஆதரவுக் குழு அது. அதனை நடத்திய இளம் பெண் மூன்று நாட் பயிற்சி பெற்றவர். கையிலிருந்த தாள்களைப் பார்த்துப் பார்த்துச் சத்துணவு, தடுப்பூசி என ஒன்றரை மணி நேரம் பேசினார். நடுவிலே பின்வரிசைத் தாயொருவர் எழுந்து, "பிள்ளை இரவிலை நித்திரை கொள்ளுதில்லை. எனக்கும் ஒண்டும் செய்ய மனம் வருகுதில்லை" என்றார். "அதைப் பிறகு கதைப்பம் அக்கா" என்ற பதிலோடு உரை தொடர்ந்தது. அந்தப் 'பிறகு' வரவேயில்லை. அடுத்த மாதம் விசாரித்தபோது அந்தத் தாய் கூட்டத்திற்கு வருவதையே நிறுத்திவிட்டார் என்றார்கள்.

அந்த இளம் பெண்ணை நான் குறைகூற மாட்டேன். அவருக்குப் பேசக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அறிவை எடுத்துவந்து வழங்குபவர் வளவாளர். வந்திருப்போரிடம் உள்ள அனுபவத்தை வெளிக்கொணர்ந்து, அவர்களே ஒரு முடிவுக்கு வரத் துணைநிற்பவர் இலகுபடுத்துநர். இரண்டாமவரை உருவாக்குவதாகச் சொல்லிக்கொண்டு, முதலாமவரின் மங்கலான பிரதிகளையே நாம் உருவாக்கி வருகிறோம்.

இது வெறும் சொல் விளையாட்டன்று. நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில், மருத்துவப் பின்னணி இல்லாத உள்ளூர்ப் பெண்களுக்குச் சிறு பயிற்சியளித்து, மாதந்தோறும் பெண்கள் குழுக்களை நடத்தச் செய்தார்கள். அதன் பெறுபேறு 2004இல் லான்செற் மருத்துவ இதழில் வெளியாயிற்று. குழுக்கள் இயங்கிய பகுதிகளில் பிறந்து ஒரு மாதத்திற்குள் இறந்த சிசுக்கள் ஆயிரத்துக்கு 26.2, ஏனைய பகுதிகளில் 36.9. இந்தியாவின் ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களில், பெரிதும் ஆதிவாசி மக்கள் வாழும் மாவட்டங்களில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2010இல் வந்தது. மூன்று ஆண்டுகளில் சிசு மரணம் 32 சதவீதத்தால் குறைந்திருந்தது. மூன்றாம் ஆண்டில் தாய்மாரின் மிதமான மனச்சோர்வும் 57 சதவீதத்தால் குறைந்திருந்தது. பின்வரிசைத் தாயை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணை மறுமுறை வாசிக்க வேண்டும்.

ஜார்க்கண்ட் பெண்களுக்கு நடந்தது ஏழு நாள் வதிவிடப் பயிற்சி. பாடப்பொருளோடு, கூட்டத்தைப் பேசவைக்கும் முறையையும் அவர்கள் பழகினார்கள். கதைகள், படங்கள், விளையாட்டுக்கள் ஆகியவை அவர்களின் கருவிகள். பயிற்சி அத்துடன் முடிந்துவிடவுமில்லை. இரு வாரத்துக்கொரு முறை இணைப்பாளரைச் சந்தித்து, நடந்ததை எடுத்துரைத்து, திருத்திக்கொண்டார்கள். நம்மவர்கள் விட்டுவிடுவது இந்த இரண்டாம் பகுதியைத்தான். சான்றிதழ் கொடுத்த அன்றே நமது பொறுப்பு முடிந்துவிடுகிறது.

தோல்வியும் பாடமே. பங்களாதேஷில் இதே முறையைக் கையாண்டபோது, 2010இல் வெளியான முடிவுகளிலே குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை. ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒரு குழு என்ற நிலையில் பெரும்பாலான கர்ப்பிணிகளைக் குழுக்கள் எட்டவில்லை. குழுக்களைப் பெருக்கி மீண்டும் செய்தபோது சிசு மரணம் 38 சதவீதத்தால் குறைந்ததாக 2013இல் அறிவித்தார்கள்.

"படித்த வைத்தியர்கள் இருக்க, ஊர்ப் பெண்களிடம் இதை ஒப்படைப்பதா?" என்று கேட்போர் உளர். இலங்கையில் வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தரின் சேவைக்கு ஈடில்லை. ஆதரவுக் குழு அதற்கு மாற்றீடுமன்று. ஆனால் நிறை குறைந்தால் பதிவேட்டில் தெரியும். மனம் குறைந்தால் தெரியாது. முன்பு அதைத் திண்ணையிலிருந்த அம்மம்மா கண்டுகொள்வார். போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் பல வீடுகளில் அந்த அம்மம்மாவை இல்லாமற் செய்துவிட்டன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மாடிக் குடியிருப்பில் கைக்குழந்தையோடு தனித்திருக்கும் நம் பெண்களுக்கும் இது பொருந்தும்.

ஆகவே, பயிற்சியில் எவை இருக்க வேண்டும்? ஒரு தாய் கேள்வி கேட்டதும் விடை சொல்லப் பாயாமல், "உங்களிலை வேறை ஆருக்கும் இப்பிடி நடந்ததோ?" என்று சபையிடம் திருப்பிக் கேட்கும் பொறுமை. மௌனத்தைக் கண்டு பதறாமை. குழுவில் சொன்னது ஊர்க் கிணற்றடிக்குப் போகாமற் காக்கும் நாணயம். தன்னால் இயலாததை அறிந்து, உரிய வேளையில் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ அழைத்துச் செல்லும் தெளிவு. தந்தையரையும் கூட்டிவந்து பேசவைக்கும் சாமர்த்தியம். இவற்றை விரிவுரையாற் கற்பிக்க முடியாது. நடித்துப் பார்த்து, தவறி, மீண்டும் செய்துதான் பழக வேண்டும்.

புலம்பெயர் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு முன்பள்ளிக் கட்டடமும் விளையாட்டு உபகரணமும் வழங்கியிருக்கிறீர்கள், நன்றி. இனி, திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் இல்லாத ஒன்றுக்கும் உதவுங்கள். பயிற்சி பெற்ற ஐந்து பெண்களை மாதம் இருமுறை சந்தித்துக் கைதூக்கிவிடும் ஓர் அனுபவசாலியின் போக்குவரத்துச் செலவையும் கொடுப்பனவையும் இரண்டு ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். படம் எடுத்துப் போட அதில் எதுவுமிராது. ஆனால் பின்வரிசையில் எழுந்து நிற்கும் தாய்க்கு "பிறகு" என்ற பதில் கிடைக்காது.