போர்மட் அடிக்காதேங்கோ

"லினக்ஸ் எண்டாலே இப்பிடித்தான். போர்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தாறன்."

வெள்ளவத்தையில் ஒரு கடையில் எங்கள் தோழிக்குக் கிடைத்த பதில் இது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவள். கம்பஸ் இறுதியாண்டு ஆய்வு முழுக்க அதற்குள்ளேதான் கிடந்தது. வேறு பிரதி இல்லை. பாஸ்வேர்ட் சரி, ஆனால் அடித்ததும் திரை ஒருக்கா கறுத்து, திரும்பவும் பாஸ்வேர்ட் கேட்கும். நல்ல காலம், தலையாட்டாமல் எங்களிடம் வந்தாள். பத்து நிமிஷ வேலை.

நடந்தது இதுதான். எக்ஸ் 11 முறையில் டெஸ்க்டொப் திறக்கும்போது ஒரு இரகசியச் சாவி உருவாகும். அதை வைத்திருப்பது உங்கள் ஹோம் போல்டரில் மறைந்திருக்கும் 'டொட் எக்ஸ்அதோரிட்டி' என்ற பைல். அவள் எங்கேயோ பார்த்து, 'ஸ்டார்ட்எக்ஸ்' கட்டளைக்கு முன்னால் 'சூடோ' போட்டு அடித்திருக்கிறாள். அந்தப் பைலின் உரிமை றூட்டிடம் போய்விட்டது. பிறகு அவளுடைய சாவியை அவளே தொட முடியாது. பாஸ்வேர்டில் பிழையே இல்லை.

கொன்ட்ரோல், ஓல்ட், எப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அங்கே லொகின் செய்து அந்தப் பைல் யாருடையது என்று பாருங்கோ. றூட் என்று இருந்தால் 'எம்வி' கட்டளையால் பெயரை மாற்றிவிடுங்கோ. அடுத்த லொகினில் புதிது உருவாகும். ஹோம் போல்டர் உங்களுடையது என்றபடியால் இதற்குச் சூடோ கூடத் தேவையில்லை. இதே கோளாறு டிஸ்க் நிரம்பினாலும் வரும், 'டிஎப்' அடித்து அதையும் பாருங்கோ.

இவ்வளவுக்கும் ஒருத்தியின் ஒரு வருட உழைப்பை அழிக்கச் சொல்வது என்ன நியாயம்? காரணம் தேட நேரம் எடுக்கும், போர்மட்டுக்கு உடனே காசு. கடைக்காரரின் பிழைப்பு எங்களுக்கு விளங்குது. ஆனால் 'உள்ளுக்கு என்ன இருக்கு?' என்று ஒரு வார்த்தை கேட்காமல் அழிப்பதற்குப் பெயர் திருத்துவது இல்லை.

லினக்ஸ் எங்கட ஆக்களுக்குச் சரிவராது என்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேணும். 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய 'சஹானா' என்ற கட்டற்ற மென்பொருளை எழுதியது இந்த நாட்டுத் தன்னார்வலர்கள்தான். பிறகு வேறு நாடுகளும் பேரிடர்களில் அதைப் பயன்படுத்தின.

குற்றம் எங்களிலும் உண்டு. படத்துக்கு விமர்சனம் எழுதுகிறோம், கவிதைக்குச் சண்டை பிடிக்கிறோம். இந்தப் பத்து நிமிஷ வேலையைத் தமிழில் எழுதிவைக்க இவ்வளவு நாளும் எங்களுக்குத் தோன்றவில்லை. இங்கிலீசில் தேடத் தெரியாத பிள்ளை கடைக்குத்தான் போகும், கடை போர்மட்தான் அடிக்கும்.

இனி நீங்கள் திருத்திய ஒவ்வொரு கோளாறையும் தமிழில் எழுதுங்கோ. முதலில், இண்டைக்கே உங்கட ஆய்வை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வையுங்கோ.