குமரனுக்குப் பக்கத்தில் ஒரு குமரப்பா

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கிறிஸ்துமஸ் ஆடி, ஆவணியிலேயே வந்துவிடும். சீசன் சரக்கு நேரத்துக்குக் கப்பல் ஏறாவிட்டால் ஆர்டர் போச்சு. சிவப்புத் துணியில் வெள்ளை மானை அச்சடித்து, ஓவர்லாக் அடித்து, செக்கிங் முடித்து, பெட்டி கட்டி அனுப்புகிற அதே ஊரில்தான் பேக்கரி வாசலில் டீ கிளாஸோடு இந்தப் பேச்சும் நடக்கிறது: "கிறிஸ்தவமெல்லாம் வெள்ளைக்காரன் கப்பல்ல வந்ததுங்க. மதம் மாத்தினதைத் தவிர இந்த நாட்டுச் சரித்திரத்துல அதுக்கு என்னங்க வேலை?"

பேச்சு பேக்கரியோடு நின்றிருந்தால் நானும் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்திருப்பேன். பாடநூல் விவாதங்களிலும் பெரிய மனிதர்களின் மேடைகளிலும் இப்போது இதுவே நிரூபிக்கப்பட்ட உண்மை மாதிரி உலவுகிறது. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

வெள்ளைக்காரனோடு வந்தது என்கிறார்கள். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் ஆண்டு கி.பி. 849. சேர அரசன் தாணுரவியின் காலத்தில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் அங்கிருந்த கிறிஸ்தவத் தேவாலயத்துக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்த ஆவணம் அது. எழுத்து வட்டெழுத்து. அடியில் சாட்சிகளின் கையெழுத்துகள் அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-ல். நடுவில் அறுநூற்றைம்பது வருடம் கிடக்கிறது.

அது மலையாளக் கரைதானே என்பவர்களுக்கு, அவிநாசியைத் தாண்டினால் வரும் கருமத்தம்பட்டியைக் காட்டலாம். அங்குள்ள ஜெபமாலை அன்னை கோயில் தன் தொடக்கத்தை 1640 என்று சொல்லிக்கொள்கிறது. மரபுக் கணக்கு என்பதால் பத்திருபது வருடம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள். மதுரை மிஷனின் இயேசு சபையார் அந்த நூற்றாண்டில் சத்தியமங்கலத்தை ஒரு மையமாக வைத்துக் கொங்குநாட்டில் நடமாடினார்கள். அன்று இங்கே ஆட்சி மதுரை நாயக்கருக்கும் மைசூருக்கும் இடையில் கைமாறிக்கொண்டிருந்தது. கிழக்கிந்தியக் கும்பெனி கைக்குக் கோயம்புத்தூர்ச் சீமை வந்தது திப்பு விழுந்த 1799-ல். வந்தவர்கள் ஐரோப்பியர்கள்தான், ஆனால் அவர்களுக்குப் பின்னால் துப்பாக்கி வரவில்லை. உள்ளூர்ப் பாளையக்காரன் முகம் சுளித்தால் மூட்டை கட்ட வேண்டிய நிலைமையில்தான் இருந்தார்கள்.

கும்பெனிக்கும் மிஷனரிகளுக்கும் ஆரம்பத்தில் ஆகவே ஆகாது என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை. வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயம் அதற்கு. சீகன்பால்கு 1706-ல் இறங்கியது டென்மார்க்காரர்களின் தரங்கம்பாடியில். வில்லியம் கேரி 1800-ல் ஒதுங்கியதும் டேனிஷ் செராம்பூரில்தான். 1806-ல் வேலூர்ச் சிப்பாய்கள் எழுந்தபின் அந்தப் பயம் இன்னும் கூடியது. 1813-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம்தான் கதவைத் திறந்துவிட்டது. அதன்பின் ஆட்சியும் மிஷனும் பல இடங்களில் தோள்மேல் கை போட்டு நடந்தன; அதை நான் மறைக்கவில்லை. கோவாவின் மதவிசாரணைக் கொடுமையையும் மறைக்கவில்லை. ஆனால் 1599-ல் உதயம்பேரூர்ச் சங்கத்தில் போர்ச்சுகீசியர் தீயிடச் சொன்ன சுவடிகள் யாருடையவை? இங்கே காலங்காலமாக வாழ்ந்த சிரியக் கிறிஸ்தவர்களுடையவை. 'அந்நிய மதம்' என்ற ஒரே கோணிப்பையில் அடித்தவனையும் அடிபட்டவனையும் சேர்த்துக் கட்டுவது சரித்திரம் ஆகாது.

அடுத்தது, தமிழில் மிஷனரிகள் செய்ததெல்லாம் சூழ்ச்சி என்பது. 2024 மார்ச்சில் ஆளுநர் ஆர்.என்.ரவி, கால்டுவெல்லும் ஜி.யு.போப்பும் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள் என்று பேசியது நினைவிருக்கும். கால்டுவெல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டுத்தான் 1838-ல் சென்னையில் இறங்கினார். அது போகட்டும், பட்டம் வாங்காதவர் சொன்னால் இலக்கண ஒப்பீடு பொய்யாகிவிடுமா? தென்மொழிகள் தனிக்குடும்பம் என்பதை முதலில் எழுதியவர் மிஷனரியே அல்ல. கும்பெனி அதிகாரி எல்லிஸ், 1816-ல். கால்டுவெல்லின் 1856 நூல் அதைப் பெரிதாக விரித்தது. அவரிடம் குறை காண வேண்டுமானால் அதற்கும் இடம் இருக்கிறது. 1849-ல் சாணார்களைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் அந்தச் சமூகத்தையே கொதிக்க வைத்தது. குறையைச் சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள். படிக்காதவர் என்பது விமரிசனம் இல்லை, வசை.

மூன்றாவதுதான் இந்த ஊருக்கு நேராக வருகிற குற்றச்சாட்டு: சுதந்திரப் போராட்டத்தில் கிறிஸ்தவர்கள் எங்கே இருந்தார்கள்?

திருப்பூருக்குக் கதர் சும்மா ஒரு துணி இல்லை. பனியன் வருமுன் இந்த ஊரின் பெயரை வெளியே கொண்டு போனது அதுதான். அகில பாரத சர்க்கா சங்கம் 1925-ல் தொடங்கியது. அதன் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்துதான் இயங்கியது. அதே 1925-ல் குலாம் காதர் முதல் பனியன் ஆலையைத் தொடங்கியதாகவும் ஊர் வரலாறு சொல்கிறது. 1932 ஜனவரி 10 அன்று கொடியோடு போன சென்னிமலைக் குமரன் தடியடிபட்டு விழுந்து மறுநாள் இறந்தான். இவ்வளவும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

தெரியாத இன்னொன்றும் அதே 1932-ல் நடந்தது. சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடுத்தி நின்ற ஒரு வெள்ளைக்காரரைப் போலீஸ் தடியால் அடித்து, சாயத் தண்ணீரைப் பீய்ச்சியது. அவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். மருத்துவர், 1921-ல் எஸ். ஜேசுதாசனோடு சேர்ந்து திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவியவர். மக்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள்; பேட்டன் சின்னண்ணன். அவர் பிறந்த குடும்பம் என்ன தொழில் செய்தது தெரியுமா? ஸ்காட்லாந்தின் அல்லோவா ஊரில் பின்னலாடைக்கு நூல் தயாரித்த பேட்டன் குடும்பம். நூல் வியாபாரத்தில் கொழுத்த வீட்டுப் பிள்ளை, இங்கே கைராட்டை நூலை உடுத்தியதற்காக அடி வாங்கினார். பின்னல் தொழிலில் பிழைக்கும் நாம் அவரை மறந்தது கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய விஷயம்.

அவராவது வெளியிலிருந்து வந்தவர். ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் தஞ்சாவூர்க்காரர், 1892-ல் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் கோட்டும் சூட்டுமாகத் தொழில் நடத்தியவர். அமெரிக்காவுக்குப் போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் அரசு நிதியை ஆராய்ந்தவருக்கு, இந்த நாடு ஏன் ஏழையாக இருக்கிறது என்பது கணக்கிலேயே புரிந்துவிட்டது. 1929-ல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். அதே காலத்தில் கொர்னேலியஸைக் கழற்றிவிட்டுத் தன் முன்னோரின் குமரப்பா என்ற பெயரைப் போட்டுக்கொண்டார். மதத்தைக் கழற்றவில்லை. காந்தி சிறைக்குப் போனபோது 'யங் இந்தியா' இதழைக் கவனித்துக்கொண்டார். தானும் சிறைக்குப் போனார். 1934-ல் தொடங்கிய கிராமக் கைத்தொழில் சங்கத்தைக் கட்டி நடத்தியவர் அவரே. 1942-க்குப் பிறகான சிறைவாசத்தில் இரண்டு நூல்கள் எழுதினார்: ஒன்று இயேசுவின் போதனையும் நடைமுறையும் பற்றி, இன்னொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றி. இரண்டும் ஒரே தலையில், ஒரே சிறையில் பிறந்தவை. ஒன்றை 'தேசியம்' என்று அலமாரியில் வைத்து மற்றதை 'அந்நியம்' என்று வெளியே எறிய எந்த வரலாற்றாசிரியரால் முடியும்?

இயற்கை ஒரு பருவத்தில் தருவதை விட அதிகமாகப் பிடுங்கினால் அது கொள்ளை என்பது குமரப்பாவின் கணக்கு. நொய்யலில் சாயம் ஓடி, ஒரத்துப்பாளையம் அணை விவசாயிக்கே வேண்டாத அணையாகி, 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, இந்த ஊருக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டது. அவர் பெயரை அப்போதும் யாரும் எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

"இரண்டு பேர் பெயரைச் சொன்னால் ஆச்சா? சபைகள் சர்க்கார் பக்கம்தானே இருந்தன?" என்று கேட்பீர்கள். பெரும்பாலான சபைத் தலைவர்கள் ஒதுங்கியோ விசுவாசமாகவோதான் இருந்தார்கள். அதனால்தான் போலீஸ் வன்முறையைக் கண்டிக்கும்படி கல்கத்தா பேராயருக்கே குமரப்பா எழுதினார். சொந்தச் சபையோடும் அவர் சண்டை போட்டார். அந்தச் சண்டையும் தேசத்தின் சரித்திரம்தான்.

தனிச்சலுகை கேட்டுப் பிரித்தவர்கள் என்ற புகாருக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. 1930-ல் லண்டன் வட்டமேசையில் உட்கார்ந்த இந்தியக் கிறிஸ்தவர்கள் இருவருமே தமிழர்கள். சேலத்துக்காரர் கே.டி.பால் வகுப்புவாரித் தனித்தொகுதியை எதிர்த்தார், ஏ.டி.பன்னீர்செல்வம் அதை ஆதரித்தார். இரண்டு பேருக்கும் சரித்திரத்தில் இடம் உண்டு. அரசியல் நிர்ணய சபை கூடியபோது, அதன் துணைத் தலைவராயிருந்த கிறிஸ்தவர் எச்.சி.முகர்ஜி போன்றவர்கள் சட்டமன்ற இட ஒதுக்கீடே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார்கள்.

மறுபக்கத்துக் கயிறு திரிப்பையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. வள்ளுவர் தோமாவின் சீடர், தமிழ் பக்தியெல்லாம் கிறிஸ்தவத்தின் கிளை என்று நூல் எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஊத்துக்குளிப் பக்கம் கத்தாங்கண்ணியில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் டைபீரியஸ் பேரரசனின் முகம் இருக்கிறது. இயேசு வாழ்ந்த நாளில் ரோமை ஆண்டவன் அவன். கேட்கப் புல்லரிக்கிறது. ஆனால் அந்தக் காசு படியூர்ப் பச்சைக்கல்லும் மேற்குக்கரை மிளகும் ரோமுக்குப் போன வணிகத்துக்குச் சான்று, வேதத்துக்கு இல்லை. வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் எழுப்பி ஜெபம் செய்த கதையையும் சபை வரலாறு எழுதுகிறவர்கள் அடிக்குறிப்பில் ஒளிக்கக் கூடாது.

ஜனவரி 11 அன்று நினைவிடத்தில் குமரனுக்கு மாலை போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குமரப்பா பிறந்தது ஜனவரி 4. இறந்தது 1960 ஜனவரி 30, காந்தி சுடப்பட்ட அதே தேதி. இரண்டுக்கும் நடுவில் வரும் அந்த மேடையில், அவர் பெயரையும் ஒருமுறை மைக்கில் சொல்லுங்கள்.