'காரணம் தெரியவில்லை' என்னும் வசதியான விடை

இரவு விளக்கை அணைத்தபோது நாற்பது செர்ரி இறால்கள் பாசிக் கொத்தை மேய்ந்துகொண்டிருந்தன. விடிந்தபோது அவற்றுள் முப்பது, மணலின்மேல் ஒருபக்கமாகச் சாய்ந்து, வேகவைத்தவை போல வெளிறிச் சிவந்து கிடக்கின்றன. நத்தைகள் வழக்கம்போல் கண்ணாடியில் ஊர்கின்றன. வளர்ப்பவர் சோதனைப் பெட்டியை எடுத்து அமிலகார நிலை, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகிய நான்கையும் அளக்கிறார். எதிலும் குறையில்லை. 'எல்லா அளவீடும் சரி, காரணம் தெரியவில்லை' என்று நண்பர்களுக்குச் சொல்கிறார். நண்பர்கள் இரங்கல் தெரிவிக்கிறார்கள். கடைக்காரர் அடுத்த கூட்டத்தை விற்கிறார். டெல்லி, புனே, பெங்களூரு, கொல்கத்தா என எந்த நகரத்தில் கேட்டாலும் இந்த உரையாடல் ஒரு சொல்லும் மாறாமல் கிடைக்கும்.

'எல்லா அளவீடும் சரி' என்பது பொய். அளக்கப்பட்ட நான்கு மட்டுமே சரி. அந்த நான்கும் மீனை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. செம்பு அந்தப் பெட்டியில் இல்லை. பூச்சிக்கொல்லி எந்த வீட்டுப் பெட்டியிலும் இல்லை. தேடாத இடத்தில் பொருள் கிடைக்கவில்லை என்பதை, பொருளே இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டும் தருக்கத்தை ஒரு முதலாண்டு மாணவர் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. மீன்தொட்டி வட்டாரத்தில் மட்டும் அது அனுபவ ஞானமாக மதிக்கப்படுகிறது. அதைவிட வருந்தத்தக்கது, பல்கலைக்கழகங்களும் அந்த ஞானத்தைத் தட்டிக்கேட்காமல் விட்டிருப்பது.

செர்ரி இறால் என்று விற்கப்படும் நியோகாரிடினா டேவிடி, கிழக்காசிய நன்னீர் ஓடைகளுக்கு உரியது. இயற்கையில் மங்கிய பழுப்பு நிறம் கொண்டது. சிவப்பு மனிதர் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய நிறம். இங்கு முக்கியமானது அதன் நிறமன்று, அதன் உறவுமுறை. பூச்சிகள் ஓட்டுடலிகளின் கிளைக்குள்ளிருந்தே தோன்றியவை என்பதை இன்றைய மரபணு வகைப்பாடு ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருக்கிறது. அதாவது இறாலும் கொசுவும் ஒரே பெருங்குடும்பம். கொசுவின் நரம்பைத் தாக்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு மூலக்கூறு இறாலின் நரம்பையும் தாக்கினால் அதில் புதிர் எங்கிருந்து வருகிறது?

இந்திய வீட்டின் படுக்கையறைச் சுவரைப் பார்த்தால் போதும். மின்செருகியில் கொசுவிரட்டித் திரவம் பொருத்தப்பட்டிருக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் ட்ரான்ஸ்ஃப்ளூத்ரின் போன்ற ஒரு பைரித்ராய்டு. அதே அறையில், சில அடி தொலைவில், மீன்தொட்டியின் காற்றுக்குழல் அறைக்காற்றை இரவு முழுவதும் உறிஞ்சி நீருக்குள் குமிழிகளாகச் செலுத்திக்கொண்டிருக்கும். ஓர் ஆய்வகத்தில் இறாலுக்குப் பூச்சிக்கொல்லியைத் தொடர்ந்து ஊட்டுவதற்கு ஒரு கருவி அமைக்கச் சொன்னால், இதைவிட எளிய அமைப்பை யாரும் வடிவமைக்க முடியாது. மருந்துப் பொதியின்மேல் உள்ள வண்ண முக்கோணத்தைக் காட்டி, இது பாதுகாப்பானதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தை ஒட்டிய விதிகளின்படி அமைந்த அந்த நிறங்கள், ஆய்வகப் பாலூட்டிகளைக் கொல்லும் அளவைக் கொண்டு தீர்மானிக்கப்படுபவை. பாலூட்டியின் உடல் பைரித்ராய்டை விரைந்து சிதைத்துவிடும். இறாலின் உடலுக்கு அந்த வல்லமை இல்லை. அந்த முக்கோணத்துக்கும் இறாலுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

இது வீட்டுக்குள் நிகழ்வது. வெளியே, மழைக்காலத்தில் டெங்கு அச்சம் எழுந்ததும் நகராட்சி வண்டி தெருத்தெருவாகப் புகையடித்துச் செல்கிறது. மாலத்தியான், சைஃபினோத்ரின் போன்றவை அந்தப் புகையில் உண்டு. தேங்கிய நீரில் கொசுப்புழுவை ஒழிக்க டெமிஃபாஸ் இடப்படுகிறது. டெங்குவைத் தடுக்க வேண்டியது நகராட்சியின் கடமை. அதில் தவறு காண எவருக்கும் உரிமையில்லை. ஆனால் எந்தத் தெருவில், எந்த நாளில், எந்த மருந்து அடிக்கப்பட்டது என்பதைக் குடிமக்கள் அறியும் வகையில் எளிதில் தேடக்கூடிய பதிவாக வெளியிடுவதில் என்ன தடை? அந்தப் பதிவு இல்லாதபோது, செவ்வாய் மாலை புகையையும் புதன் காலை மரணத்தையும் எவரும் இணைத்துப் பார்ப்பதில்லை. இரண்டு தகவல்கள் ஒரே மேசைக்கு வராமல் பார்த்துக்கொண்டால் எந்த மரணத்தையும் மர்மமாக்கிவிடலாம்.

கீரையின் கதையும் இதுதான். இறாலுக்கு ஊட்டச்சத்து என்று அவித்த பசலைக்கீரையையும் வெள்ளரித் துண்டையும் அன்போடு இடுகிறார்கள். சந்தைக் காய்கறியில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாகத் தம் பிள்ளைகளுக்காகக் கவலைப்படும் அதே மனிதர்கள், அதே கீரை தொட்டிக்குள் விழும்போது அதை மறந்துவிடுகிறார்கள். பண்ணையில் மருந்து தெளித்து வளர்க்கப்பட்ட நீர்ச்செடியை நேரே தொட்டியில் நடுவோரும் உண்டு.

அடுத்தது நீர். 'மனிதர் குடிக்கும் நீர், இறாலை எப்படிக் கொல்லும்?' என்ற கேள்வியில் ஒரு தற்பெருமை ஒளிந்திருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. மென்னீரில் டாஃப்னியா போன்ற சிறு ஓட்டுடலி லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் செம்பிலேயே மடியும். மனிதருக்குரிய உச்சவரம்பு அதைப் போலப் பல மடங்கு. இத்தனைக்கும் இறாலின் உடலில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பைக் கொண்ட ஹீமோசயனின்தான். தேவையான அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையிலான தூரம் குறுகியது என்பதே இதிலிருந்து கற்கவேண்டியது. குளிர்காலத்தில் தொட்டியின் வெப்பநிலைக்கு ஈடுசெய்யச் செம்புக் கலன் கொண்ட வெந்நீர்க் கருவியிலிருந்து ஒரு குவளை கலப்பவரும், மீனின் ஒட்டுண்ணி நோய்க்கென வாங்கிய செம்பு மருந்தை இறால் இருக்கும் தொட்டியில் விடுபவரும் தாம் செய்வது இன்னதென்று அறிவதில்லை. மருந்துப் புட்டியிலிருந்து அதைப் படித்தறியவும் பெரும்பாலும் வழியிருப்பதில்லை.

2024 கோடையில் பெங்களூரு தண்ணீருக்குத் தவித்ததை நாடறியும். அத்தகைய நாட்களில் ஒரே குடியிருப்பின் நிலத்தடித் தொட்டிக்குள் காவிரி நீர் ஒருநாளும், ஆழ்துளைக் கிணற்று நீர் மறுநாளும், எங்கிருந்தோ வந்த லாரித் தண்ணீர் அதற்கடுத்த நாளும் சேர்கின்றன. குழாய் ஒன்றுதான், நீர் மூன்று. கரைந்த உப்பின் அளவு வாரத்துக்கு வாரம் மாறும் அந்த நீரைக் கொண்டு, புத்தகத்தில் சொன்னபடி தவறாமல் வாரம் ஒருமுறை கால்பங்கு மாற்றும் ஒழுங்கான வளர்ப்பாளருக்கே இழப்பு அதிகம். ஊடுபரவல் அழுத்தம் திடீரென மாறினால் இறால் காலம் கனியாமல் ஓடு கழற்றத் தொடங்கும். பாதியில் சிக்கி, தலைக்கும் உடலுக்கும் இடையே ஒரு வெண்வளையத்தோடு இறக்கும். ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றுவோரிடம் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது: புதிய ஓட்டைக் கெட்டிப்படுத்தத் தேவையான கால்சியம் நீரில் இருப்பதில்லை. குடியிருப்புச் சங்கம் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் இட்டுக் கழுவிய வாரமோ தனிக்கதை.

வெப்பமும் உண்டு. 25 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் நீர், 32 பாகையில் 7.3 மில்லிகிராமையே தாங்கும். இரவில் செடிகளும் சுவாசிக்கின்றன. மின்சாரம் போனால் காற்றுக்குழலும் நிற்கிறது. இவற்றோடு முதுமையையும் சேர்க்க வேண்டும். ஓரிரு ஆண்டுகளே வாழும் உயிரினத்தை, ஒரே வயதில் வளர்ந்தவையாக ஐம்பது வாங்கிவந்தவர், அவை ஏறத்தாழ ஒரே பருவத்தில் மடிவதைக் கொள்ளைநோய் என்று எண்ணுகிறார்.

ஆக, காரணங்கள் இல்லாமலில்லை. அவை அளவுக்கு மீறி இருக்கின்றன. ஆயினும் அவை எல்லாம் ஒரே தடயத்தை விட்டுச்செல்வதில்லை. செம்பு நத்தையையும் விடாது. நத்தை நலமாயிருந்து இறால் மட்டும் துடித்து, சுழன்று, மல்லாந்து இறந்தால் ஐயம் முதலில் பூச்சிக்கொல்லியின்மேல் விழவேண்டும். நாளுக்கு ஒன்றாக வெண்வளையத்தோடு இறப்பது ஓடு கழற்றலின் கோளாறு. விடியற்காலையில் நீர்ப்பரப்பின் அருகே கூடி இறந்தவை மூச்சுக்குத் தவித்தவை. இவை தீர்ப்புகள் ஆகா. ஆய்வைத் தொடங்கவேண்டிய இடங்கள். இந்தக் குறைந்தபட்ச வேறுபாட்டைக்கூடக் குறிக்காமல் இறந்த உடல்களைக் கழிப்பறையில் கொட்டி, தொட்டி நீரை வடித்து, அரைமணி நேரத்தில் சான்றுகள் அனைத்தையும் அழித்துவிட்டுக் 'காரணம் தெரியவில்லை' என்பது அறியாமைகூட அன்று, அறிய மறுத்தல்.

இந்திய அறிவியலுக்கு இந்தச் சொற்றொடர் ஏற்கெனவே ஒருமுறை பெருவிலை வாங்கிக் கொடுத்திருக்கிறது. 1990களில் பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் கழுகுகள் தலை தொங்கிக் கிளைகளிலிருந்து விழுந்தன. ஏதோ தொற்றுநோய் என்ற ஊகமே ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானபோதுதான், கால்நடைக்குப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிமருந்து கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது தெரிந்தது. 2006இல் இந்தியா கால்நடைப் பயன்பாட்டுக்கு அதைத் தடைசெய்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்திருந்தன. காணாத கிருமியைத் தேடிக்கொண்டிருந்தபோது கண்ணெதிரில் இருந்த மருந்து புட்டியிலேயே இருந்தது. தொட்டி இறாலும் கழுகும் ஒன்றா என்று கேட்கலாம். உயிரினங்கள் ஒன்றல்ல, சிந்தனைப் பிழை ஒன்றே.

கல்வித்துறையின் இரட்டை அளவுகோல் இன்னும் கூர்மையானது. டாஃப்னியாவை 48 மணி நேரம் நஞ்சுநீரில் வைத்து எத்தனை அசையாமல் போயின என்று எண்ணுவது உலகெங்கும் ஏற்கப்பட்ட நச்சியல் சோதனை. அதன்மேல் ஆய்வேடுகள் எழுகின்றன. ஓர் ஓட்டுடலி பீக்கரில் இறந்தால் தரவு, வரவேற்பறையில் இறந்தால் பொழுதுபோக்கின் தோல்வி. 1994இல் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் பரவி இறால்கள் செத்து மிதந்தபோது யாரும் தோளைக் குலுக்கிவிட்டுப் போகவில்லை. வைரஸ் இனங்காணப்பட்டது, பி.சி.ஆர். சோதனை வந்தது, நோய்க்கண்காணிப்பு வந்தது. அந்த இறாலுக்கு ஏற்றுமதி மதிப்பு இருந்தது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ மனிதர் அல்லாத எந்த உயிரையும் விலங்கு என்கிறது; ஓட்டுடலிகளைத் தன் சட்டத்துக்குள் சேர்க்கப் பிரிட்டனுக்கு 2022 வரை தேவைப்பட்டது. இந்தியச் சட்டப்புத்தகம் முன்னால் நிற்க, ஆய்வகம் பின்தங்கி நிற்கிறது.

ஒற்றைத் தொட்டியில் கட்டுப்பாட்டுக் குழு இல்லை, மாறிகள் ஏராளம், எனவே அது அறிவியல் ஆகாது என்பது கற்றவர் தரப்பின் வழக்கமான மறுப்பு. ஒரு தொட்டியைப் பொறுத்தவரை அது சரி. ஒரே நகரத்தில், ஒரே வாரத்தில், ஒரே நீர்வழங்கல் பகுதியில் முப்பது தொட்டிகள் என்றால் அது கொள்ளைநோயியல். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் கேரிடினா பேரினத்து இந்திய இறால்கள் வாழ்கின்றன. தோட்டங்களில் தெளிக்கும் மருந்து மழையோடு அந்த ஓடைகளில்தான் இறங்குகிறது. அங்கே சாவதை எண்ண எவரும் இல்லை. தொட்டியில் சாவதையோ ஒருவர் நாள்தோறும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார், சம்பளம் வாங்காமல்.

தேவைப்படுவது பெரிய திட்டம் ஏதுமில்லை. விலங்கியல், வேதியியல் துறைகள் பலவற்றில் அணு உறிஞ்சல் நிறமாலைமானி இருக்கிறது. வாயு நிறப்பகுப்புக் கருவி உள்ள துறைகளும் உண்டு. ஒரு துறை முன்வந்து, நகரத்தின் வளர்ப்பாளர்களிடம் மூன்றைக் கேட்கட்டும்: மரணம் நிகழ்ந்த நாளும் நேரமும், முந்தைய மூன்று நாட்களில் வீட்டிலும் தெருவிலும் பயன்பட்ட மருந்துகள், நீரை மாற்றுவதற்கு முன் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் நிரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த அரை லிட்டர். முதுநிலை மாணவர் ஒருவரின் ஓராண்டு ஆய்வுக்கு அது போதும். நகராட்சியிடம் புகையடிப்பு நாட்குறிப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க ஆகும் செலவு பத்து ரூபாய்.