ஆராய்ச்சி நம் வாசலுக்கும் வரவேண்டும்

பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பம், கால்நடை, நீர்வாழ் வளங்கள், முகாமைத்துவம் என நம் வாழ்வைத் தொடும் துறைகள் அங்கு கற்பிக்கப்படுகின்றன. அங்கே நடைபெறும் ஆய்வுகளின் முடிவுகள் நிலமிழந்து இடம்பெயர்ந்து வாழும் நம்மிடம் வந்து சேர்கின்றனவா என்பதே நமது கேள்வி.

உணவு விஞ்ஞானத்தைப் பாருங்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் கிடைக்கிறது. அதற்குக் காரணமான பொருட்களுள் ஒன்று, வலித் தைலங்களில் மணக்கும் மெத்தில் சலிசிலேற்று என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். அந்த மணத்துக்கு உலகச் சந்தை நல்ல விலை தருகிறது. கொழுந்து பறித்த கைகளுக்கோ அந்தச் செய்திகூடக் கிட்டவில்லை.

அடுத்தது தண்ணீர். மகாவலியின் கிளையாகிய உமா ஓயாவின் நீரைச் சுரங்க வழியே தெற்கே திருப்பினார்கள். சுரங்கம் தோண்டுகையில் 2014 டிசெம்பரில் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. இலங்கைக்கே உரிய நன்னீர் மீன் இனங்கள் ஐம்பதுக்கு மேல். அவற்றுட் சில பாறையிடுக்கில் விரைந்தோடும் நீரில் மட்டுமே வாழ்வன. மீன் அற்றுப்போன ஓடை நமக்கும் ஓர் எச்சரிக்கை. அங்கே நீர் குறைந்திருக்கலாம், அல்லது நம் மரக்கறித் தோட்டங்களில் தெளிக்கும் மருந்து கலந்திருக்கலாம். ஆகவே மீனைப் பற்றிய ஆய்வு நம் கிணற்றைப் பற்றிய ஆய்வுமாகும்.

இவற்றுக்குப் பணம் தருபவர் யார்? அரச பல்கலைக்கழகம் பொதுப் பணத்தில் நடக்கிறது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கும்போதும், தொலைபேசிக்கு ரீலோட் போடும்போதும் நாமும் வரி கட்டுகிறோம். செலவில் பங்குள்ளவருக்குப் பலனிலும் பங்கு வேண்டும்.

அறிவு மக்களிடம் வந்து சேராவிட்டால் உயிரே போகும். கொஸ்லந்தை மீரியபெத்தயில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்தப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலிலும் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்து உயிர்கள் பறிபோயின.

"தோட்டத்து மக்களுக்கு ஆராய்ச்சி விளங்குமா?" என்று கேட்போரும் உண்டு. கொழுந்து வாடிய பதத்தைத் தொட்டே சொல்பவருக்கு, மேகத்தைப் பார்த்து விதை போடுபவருக்கு, தம் மொழியில் சொன்னால் நிச்சயம் விளங்கும்.

எனவே நாம் கேட்பது இதுதான். ஊவாவின் மண், ஆறு, உணவு பற்றிய ஒவ்வோர் ஆய்வின் சுருக்கமும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்க அளவில் கிராம சேவகர் அலுவலகத்துக்கு வரவேண்டும். ஆய்வுத் தலைப்பைத் தீர்மானிக்கும் முன் இடம்பெயர்ந்த குடும்பங்களின் கேள்விகளையும் கேட்கவேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரச நிறுவனங்களிடம் தமிழிலேயே தகவல் கோரலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மாதர் சங்கமும் இளைஞர் மன்றமும் கூடி, "நம் குடியிருப்பின் நிலம் பாதுகாப்பானதா? நம் ஊற்றின் நீர் குடிக்கத் தகுமா?" என்ற இரு கேள்விகளையேனும் இந்தக் காலாண்டிலேயே அனுப்புவோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் வரும் பதிலை வாசித்து விளக்கட்டும்.

மரக்காலுக்குள் மூடிய விளக்கால் யாருக்கும் வெளிச்சமில்லை. மூடியை எடுக்கும்படி கேட்பது பிச்சையன்று, நமது உரிமை.