மூலம் படிக்கும் பயிற்சி: வரலாற்று முதுகலைக் கல்வியும் தமிழ்த்துறைகளின் பொறுப்பும்

முன்னுரை

தமிழகப் பல்கலைக்கழகங்களில் வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. எனினும் வரலாற்றில் முதுகலை பயிலும் மாணவர் தமிழ் மூலம் ஒன்றை முழுமையாகப் படிக்காமலேயே பட்டம் பெற முடிகிறது. தமிழில் முதுகலை பயிலும் மாணவரோ ஒரு சான்றை வரலாற்று முறையில் வினவிப் பார்க்காமலேயே பட்டம் பெற முடிகிறது. இவ்விரு குறைகளும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஆதலின் இவற்றைச் சேர்த்தே களைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

சுருக்கமும் மூலமும்

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை அறியாத வரலாற்று மாணவர் இலர். குடவோலை முறை, முப்பது குடும்புகள், வாரியங்கள் ஆகியவை பள்ளிப் பாடநூல் தொடங்கி முதுகலை வினாத்தாள் வரை தொடர்ந்து வருகின்றன. ஆயினும் முதற் பராந்தகன் காலத்தில் இப்பொருள் பற்றிப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இரண்டு என்பதும், அவற்றுள் முன்னது கி.பி. 919ஐயும் பின்னது 921ஐயும் சார்ந்தவை என்பதும் வகுப்பறையில் அழுத்தம் பெறுவதில்லை. முன்னது உறுப்பினர்க்குரிய வயதை 30க்கு மேல் 60க்கு உட்பட்டதாக வரையறுக்கிறது. பின்னது அதனை 35க்கு மேல் 70க்கு உட்பட்டதாக மாற்றுகிறது. ஈராண்டுக்குள் விதியை மாற்ற வேண்டிய தேவை என்ன? அரசனின் அலுவலர் உடனிருக்க அவ்வேற்பாடு செய்யப்பட்டது எனில் சபையின் தன்னாட்சிக்கு எல்லை எது? இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் தகுதிகளாக வைக்கப்பட்ட ஒரு பிரமதேயச் சபையின் நடைமுறையைத் தமிழகத்து ஊர்கள் அனைத்திற்கும் பொதுவாக்கலாமா? இவ்வினாக்கள் இரு கல்வெட்டுகளையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கே எழும். சுருக்கத்தை மட்டும் படித்தவர்க்குப் ‘பழந்தமிழர் மக்களாட்சி’ என்னும் ஒற்றைத் தொடரே எஞ்சும்.

இச்சிக்கல் இடைக்கால வரலாற்றோடு நிற்பதன்று. புதுச்சேரியில் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு தமிழில் அமைந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. பிள்ளையின் தமிழ் நமக்குக் கிடைத்திருக்க, ஆங்கிலப் பெயர்ப்பிலிருந்து மேற்கோளை எடுத்து அதனை மீண்டும் தமிழாக்கித் தரும் போக்கு ஆய்வேடுகளில் காணப்படுகிறது. பேச்சு வழக்கும் பிறமொழிச் சொற்களும் கலந்த அந்நடையே பதினெட்டாம் நூற்றாண்டு வணிக உலகின் சான்று என்பது இதனால் மறைந்து போகிறது.

தமிழ்த் துறையின் பங்கு

குறை வரலாற்றுத் துறையினருடையது மட்டும் என்று நாம் ஒதுங்க இயலாது. நம் ஆய்வேடுகளில் ‘வரலாற்றுப் பின்புலம்’ என்றோர் இயல் இடம்பெறுவது வழக்கம். அவ்வியல் பெரும்பாலும் பொது வரலாற்று நூல்களின் தொகுப்பாகவே அமைகிறது. இக்கட்டுரையாளரின் ஆய்வியல் நிறைஞர் ஆய்வேடும் இதற்கு விலக்கன்று. வாய்மொழித் தேர்வின்போது, அவ்வியலில் இடம்பெற்ற நிலக்கொடைச் செய்தி ஒன்று எந்தக் கல்வெட்டில் உள்ளது என்று தேர்வாளர் வினவினார். நூலின் பெயரைக் கூற முடிந்ததே தவிரக் கல்வெட்டைக் கூற முடியவில்லை. இறையிலி, காராண்மை, தேவதானம் ஆகிய சொற்களுக்குப் பொருள் தெரிந்திருந்தும், அந்நிலத்தை உழுதவர் யார், விளைவில் யாருக்கு எவ்வளவு என்று கேட்கும் பயிற்சி இல்லாமையே அதற்குக் காரணம்.

முன்னோர் காட்டிய வழி

இரு புலங்களையும் இணைத்தோர் நம்மிடையே இருந்துள்ளனர். தமிழாசிரியராகப் பணியைத் தொடங்கி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தி.வை. சதாசிவ பண்டாரத்தார் கல்வெட்டுகளை நேரிற் கற்றே பிற்காலச் சோழர் வரலாற்றை எழுதினார். க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, தமிழ் இலக்கியத்தைச் சமூக வரலாற்று வினாக்களோடு அணுகினர். ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபுரு கராஷிமா தமிழ்க் கல்வெட்டுகளைப் படிக்கக் கற்று, அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு ஊர்களின் சோழர்காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் உடைமையாகவும், அல்லூரில் ஊராரின் கூட்டுடைமையாகவும் இருந்த வேறுபாட்டை அவ்வொப்பீடு புலப்படுத்தியது. இரு ஊர்களை ஆழ்ந்து படித்ததன் விளைவாகச் சோழர்கால நிலவுடைமை பற்றிய விவாதமே புதிய திசை பெற்றது. இவர்கள் பெற்ற பயிற்சியில் பெரும்பகுதி தனிமுயற்சியால் அமைந்தது. அத்தகைய முயற்சியை எல்லா மாணவரிடமும் எதிர்பார்க்க இயலாது. அதனைப் பாடத்திட்டமே தர வேண்டும்.

செய்யத்தக்கவை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆய்வியல் நிறைஞர் படிப்பை நிறுத்திவிட்டன. ஆய்வு மாணவர் பலர் மூலங்களைத் தேடிப் படிக்கப் பழகிய காலம் அது. இனி அப்பயிற்சியை முதுகலையிலேயே தொடங்கியாக வேண்டும். இதற்கு மூன்று வழிகளைக் கருதலாம். முதலாவது, இரு துறை மாணவரும் சேர்ந்து பயிலும் ‘மூலவாசிப்பு’ என்னும் ஒரு பருவத் தாள். இதில் ஒரு கல்வெட்டின் மைப்படியையோ ஓர் ஆவணத்தையோ முழுமையாகப் படித்து, பொருள் கண்டு, வினா எழுப்புதலே தேர்வாக அமைய வேண்டும். இரண்டாவது, முனைவர் பட்டத்திற்குரிய குறைந்தது 12 கிரெடிட் அளவிலான பாடப்பணியில் ஒரு பகுதியை ஆய்வாளர் தம் ஆய்வுக்கு வேண்டிய எழுத்து அல்லது மொழிப் பயிற்சிக்கு ஒதுக்குதல். மூன்றாவது, வரலாறு தொடர்பான தமிழாய்வின் ஆலோசனைக் குழுவில் வரலாற்றுத் துறையினர் ஒருவரும், தமிழ் மூலங்களைச் சார்ந்த வரலாற்றாய்வின் குழுவில் தமிழ்த் துறையினர் ஒருவரும் இடம்பெறுதல்.

கல்வெட்டியல் தாள் ஏற்கெனவே உள்ளதே எனலாம். உண்மைதான், ஆனால் அத்தாள் பல இடங்களில் கல்வெட்டின் வகைகள், பயன்கள் பற்றிய குறிப்புகளாகவே கற்பிக்கப்படுகிறது. நீச்சலின் பயன்களை எழுதித் தேர்ச்சி பெற்றவர் ஆற்றைக் கடக்க இயலாது. வரலாற்று மாணவர் அனைவருக்கும் கல்வெட்டுத் தேவையில்லை என்பதும் ஏற்கத்தக்க வாதமே. ஆனால் தஞ்சை மராட்டியரை ஆய்பவர்க்கு மோடி எழுத்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டை ஆய்பவர்க்கு ஆவணக் காப்பகக் கோப்புகளின் நடையும் தேவைப்படும். மூலம் எதுவாயினும் அதனைத் தாமே படிக்கும் திறன் வேண்டும் என்பதே கோரிக்கை.

முடிவுரை

மூலத்தைப் படிக்க இயலாத வரலாற்றாய்வாளர் பிறர் முடிவுகளையே திரும்பக் கூறுவார். வினவத் தெரியாத தமிழாய்வாளர் பெருமிதத்தையே திரும்பக் கூறுவார். இன்று தமிழரின் தொன்மை குறித்துப் பொதுவெளியில் எழும் கூற்றுகளைச் சோதித்துச் சொல்லும் கடமை இவ்விரு துறைகளுக்கும் உரியது. அக்கடமைக்கு உரியவரை உருவாக்குவது முதுகலை வகுப்பறை. அங்கே ஒரு பருவம் முழுவதும் ஒரே ஒரு மூலத்தை இரு துறை மாணவரும் சேர்ந்து படிப்பது சிறிய தொடக்கமே. அதற்குப் புதிய கட்டடமோ பெருந்தொகையோ தேவையில்லை. இரு துறைகளும் கூடி ஒரு பாடத்திட்டத்தை வகுத்தால் போதும்.