உயில் எழுதினா ஆயுசு குறையுமா பெரிசு?

போன பதிவுல "அத்தைகளுக்கும் பாகம் கொடுக்கணும்"னு ஒரு வரி போட்டேன். அதுக்கு வந்த பின்னூட்டங்களைப் படிச்சுட்டு நாலு நாள் தூக்கம் வரல. "சீர் செஞ்சாச்சுல்ல?", "பாகம் கேட்டா பொறந்த வீட்டு உறவு அறுந்துடும்", "பெரியவங்க எல்லாம் யோசிச்சுதான் செஞ்சிருப்பாங்க". மூணாவது வரிக்குத்தான் இந்தப் பதிவு. பெரியவங்க யோசிக்கலைங்க. அதுதான் பிரச்சனையே.

எங்க ஊரு கீழ்ப்பழனி மலை, தாண்டிக்குடி பக்கம். தாத்தாவுக்கு அவரே சம்பாதிச்ச 5 ஏக்கர். காப்பி, சில்வர் ஓக் மேல ஏத்திவிட்ட மிளகு, நடுவுல கொஞ்சம் மலைவாழை. எந்தச் செடிக்கு எப்ப கவாத்து பண்ணணும், எந்த மரத்துல நிழல் கழிக்கணும்னு அத்தனையும் மனப்பாடமா வச்சிருந்தவர். ஆனா தனக்கு அப்புறம் அப்பத்தா எங்க படுப்பா, யார் கஞ்சி ஊத்துவான்னு ஒரு பேப்பர்ல எழுதி வைக்கலை. யாராவது பேச்செடுத்தா "என்னை எப்ப அனுப்பலாம்னு பாக்குறீங்களா?"ன்னு சத்தம் போடுவார். 2009ல ஒரு நாள் காலைல போய்ச் சேர்ந்துட்டார்.

உயில் இல்லைன்னா சட்டம் என்ன சொல்லுது? 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, சுயசம்பாத்தியச் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோட இருந்தா தாய், எல்லாருக்கும் சமமா போகும். எங்க வீட்டுல அப்பத்தா, ரெண்டு மகன், ரெண்டு மகள். அஞ்சு பேர், அஞ்சு ஏக்கர். தலைக்கு ஒண்ணு. இதுக்கு இஞ்சினியரிங் டிகிரி எல்லாம் தேவையில்லை :-)

நடந்தது என்ன? கருமாதி முடிஞ்ச மறுவாரம் ஒரு ஜீப்புல அத்தைங்க ரெண்டு பேரையும் அப்பத்தாவையும் ஏத்திக்கிட்டுப் போய் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கினாங்க. மதியம் எல்லாருக்கும் பிரியாணி. மூணு ஏக்கருக்கு மூணு பிரியாணி! அதுக்கப்புறம் அப்பத்தா ஒரு மாசம் எங்க வீடு, ஒரு மாசம் பெரியப்பா வீடுன்னு துணிப்பையோட அலைஞ்சா. அவ பேர்ல ஒரு ஏக்கர் இருந்திருந்தா ரெண்டு மருமகளும் சுடுதண்ணி வச்சுக் கொடுத்திருப்பாங்க. இது எங்க அம்மாவையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

இப்ப கொஞ்சம் இங்கிலாந்து போயிட்டு வருவோம். 16, 17ஆம் நூற்றாண்டு விவசாயிகளோட உயில்கள் ஏகப்பட்டது அங்க இன்னும் பத்திரமா இருக்கு. அந்தாளு படுக்கையில விழுந்ததும் பாதிரியாரையோ எழுதத் தெரிஞ்ச பக்கத்து வீட்டுக்காரரையோ கூப்பிட்டு எழுத வைப்பான். முதல்ல ஆன்மா கடவுளுக்கு. அப்புறம்தான் மேட்டர். நிலம் பெரும்பாலும் ஒரு பையனுக்கு. மத்த பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் பணம், வயசு வந்ததும் அல்லது கல்யாணத்தின்போது, நிலம் வாங்கினவனே கட்டணும். பொண்டாட்டிக்கு? வீட்டுல இந்த அறை, அடுப்புக்கு விறகு, ஒரு மாடு மேய இடம், தோட்டத்துப் பழத்துல பங்குன்னு கூட எழுதி வச்சவங்க உண்டு. ஏன்? மகன் மேல நம்பிக்கை இல்லாம இல்லை. மருமக வந்தப்புறம் மகன் என்ன ஆவான்னு அவனுக்குத் தெரியும் :-)

"வெள்ளைக்காரனைத் தூக்கி வச்சுப் பேசறியா"ன்னு கும்ம வராதீங்க. அவன் ஒண்ணும் யோக்கியன் இல்லை. உயில் எழுதலைன்னா பொதுவா நிலம் மொத்தமும் மூத்த மகனுக்கு. விதவைக்கு மூணுல ஒரு பங்கு, அதுவும் ஆயுசு வரைக்கும் அனுபவிக்க மட்டும். கல்யாணமான பொண்ணு புருஷன் சம்மதம் இல்லாம உயிலே எழுத முடியாது. அதாவது அவன் சட்டம் மோசம், அதனால உயில் எழுதி ஓரளவு சரி பண்ணினான். நம்ம சட்டம் நல்லாருக்கு, அதை நாம பிரியாணி போட்டுக் கெடுக்கிறோம்.

சட்டம் சும்மாவும் வரலை. 1929லயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பெண்ணுக்குச் சம சொத்துரிமைன்னு தீர்மானம். 1989ல தமிழ்நாடு சட்டத்திருத்தம், பூர்வீகச் சொத்துலயும் கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பங்கு. 2005ல நாடு முழுக்க, கல்யாணம் ஆனவங்களுக்கும். 1949ல ஒரே மகளை விட்டுட்டு இறந்த மாரப்ப கவுண்டரோட சுயசம்பாத்தியச் சொத்து மகளுக்கா, தம்பி பசங்களுக்கான்னு ஒரு வழக்கு. மகளுக்குத்தான்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது 2022 ஜனவரியில. அந்த மகள் அப்ப உயிரோடவே இல்லை. அவர் ஒரு தாள் எழுதியிருந்தா?

இன்னொரு விஷயம். இதே மலையில பளியர்களுக்கு 2006 வன உரிமைச் சட்டத்துல கிடைக்கிற பட்டா, கல்யாணம் ஆனவங்கன்னா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் கூட்டாத்தான் பதியணும். வாரிசுக்குப் போகும், விக்க முடியாது. அவங்களை "காட்டுக்குள்ள இருக்கிறவங்க"ன்னு சொல்ற நம்ம வீடுகள்ல எத்தனை பட்டாவுல அம்மா பேர் இருக்கு? போய்ப் பாருங்க.

"எல்லாருக்கும் பிரிச்சா தோட்டம் துண்டு துண்டாயிடுமே"ங்கறது மட்டும் நியாயமான கேள்வி. சரிவுல இருக்கிற காப்பித் தோட்டத்தை அஞ்சா வெட்டினா ஆள் கூலி கூடத் தேறாது. அதுக்குத்தான் உயில். நிலம் உழைக்கிறவனுக்கு, மத்தவங்களுக்கு அதுக்கு ஈடான பணம், இத்தனை வருஷத்துக்குள்ள, அந்த நிலத்து மேலயே பொறுப்பு வச்சு. அம்மாவுக்கு ஆயுசுக்கும் இந்த வீடு, இத்தனை வருமானம். எழுதறதுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை, பண்ணினா நல்லது. ரெண்டு சாட்சி கண்டிப்பா வேணும், பங்கு வாங்கப் போறவங்களைச் சாட்சியாப் போடாதீங்க. ஒரு எச்சரிக்கை: இதே உயிலை வச்சுத்தான் பொண்ணுங்களை மொத்தமா வெட்டி விடற புண்ணியவான்களும் இருக்காங்க. கத்தி எதுக்குன்னு வச்சிருக்கறவன்தான் முடிவு பண்ணணும்.

கடைசியா, நான் ஏன் இவ்ளோ குதிக்கிறேன்னா, 2015ல நான் காலேஜ் சேர்ந்தப்ப பீஸ் கட்டினது அந்தத் தோட்டத்து மிளகுக் காசுல. அதுல பாதிக்கு மேல அப்பத்தாவோடதும் அத்தைங்களோடதும். இன்னிக்கு ஏசி ரூம்ல உக்காந்து கோடு அடிச்சுக்கிட்டே பெண்ணுரிமைப் பதிவு போடற நானும் அந்தப் பிரியாணி சாப்பிட்டவன்தான். ஆறாங்கிளாஸ், ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டது நல்லா ஞாபகம் இருக்கு.

போன வாரம் அப்பாகிட்ட ரெண்டு விஷயம் கேட்டேன். ஒண்ணு, உயில் எழுதி அம்மா பேரை முதல்ல போடுங்க. ரெண்டு, அத்தைங்க பங்குக்கு ஒரு கணக்குப் போட்டு நானும் சேர்ந்து கொடுக்கறேன். முதலாவதுக்கு "மிளகு பறிச்சு முடியட்டும்"னார். ரெண்டாவதுக்கு டிவி சத்தத்தைக் கூட்டி வச்சார். விடறதா இல்லை.

டிஸ்கி: அப்பத்தா 2017ல போயிட்டா. அந்தத் துணிப்பை இன்னும் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு.