வேலை போனால் 90 நாள் உதவித்தொகை... 21,000 ரூபாயைத் தாண்டினால் மட்டும் ஏன் இல்லை?

காலை 11 மணிக்கு ஹெச்.ஆரிடமிருந்து மீட்டிங் லிங்க் வந்தது. 11.20-க்கு லேப்டாப் லாக் ஆகிவிட்டது. என் கல்லூரித் தோழிக்கு வேலை போனது இப்படித்தான். மாதச் சம்பளம் 24,000 ரூபாய். அதில்தான் ஹாஸ்டல் வாடகை, ஸ்கூட்டர் இ.எம்.ஐ., வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாமே. "கவர்மென்ட் ஏதாவது தருமாடி?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். திட்டம் இருக்கு. ஆனால் அவருக்கு இல்லை!

என்ன திட்டம் அது?

பெயர் 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா'. இ.எஸ்.ஐ. கழகம் 2018 ஜூலையில் இதைத் தொடங்கியது. வேலை இழந்தவருக்கு சராசரி தினச் சம்பளத்தில் 25% தொகையை அதிகபட்சம் 90 நாள்களுக்குத் தருவதுதான் திட்டம். கொரோனா வந்த 2020-ல் இதை 50% ஆக்கினார்கள். 20,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 3 மாதத்தில் சுமார் 30,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும்.

சரி, சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், சம்பள வரம்பு. மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. 2017-ல் வைத்த வரம்பு இது. அதன்பிறகு வாடகை ஏறிவிட்டது, காய்கறி விலை ஏறிவிட்டது. 21,500 வாங்குகிறவர் பணக்காரரா என்ன?

இரண்டாவது, வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இந்த உதவி கிடைக்கும். 25 வயதில் வாங்கிவிட்டால், 40 வயதில் மறுபடி வேலை போனாலும் கிடைக்காது.

மூன்றாவது, தானாக வேலையை விட்டவர்களுக்கு இது கிடையாது. நியாயம்தான். ஆனால் பல அலுவலகங்களில், "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நல்லா தர்றோம்" என்றுதானே சொல்கிறார்கள்? கையெழுத்துப் போட்டுவிட்டால், பேப்பரில் அது லே-ஆஃப் இல்லை, ராஜினாமா.

"சும்மா பணம் கொடுத்தால் சோம்பேறி ஆகிடுவாங்க"

இதுதான் வழக்கமான எதிர்ப்பு. பாதிச் சம்பளம், அதுவும் 3 மாதம். இ.எம்.ஐ. கட்டுகிற யாரும் அதை நம்பி வீட்டில் உட்கார மாட்டார்கள். அடுத்த இன்டர்வியூவுக்குப் பதறாமல் போகவும், கிடைத்த முதல் அடிமாட்டுச் சம்பளத்துக்குத் தலையாட்டாமல் இருக்கவும் அந்தப் பணம் உதவும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதும் நியாயமான கேள்வி. இ.எஸ்.ஐ.க்கு ஊழியர் 0.75%, நிறுவனம் 3.25% கட்டுகிறது. 20,000 சம்பளத்தில் ஊழியர் பங்கு 150 ரூபாய்தான். யாரும் இலவசமாகத் தரவில்லை, இது இன்ஷூரன்ஸ். மருத்துவத்துக்கு நிறுவனமே பாலிசி எடுத்துத் தருகிறது என்றால், வரம்பைத் தாண்டியவர்களிடம் வேலையிழப்புக்கு மட்டும் ஒரு சிறு தொகையைப் பிடிக்கலாமே? நான் கட்டத் தயார்.

என்ன செய்யலாம்?

அவ்வப்போது நீட்டிக்கும் திட்டமாக வைத்திருக்காமல், இதை நிரந்தரமாக்க வேண்டும். சம்பள வரம்பை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். 'ஒரே ஒரு முறை' என்பதை, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை என்றாவது மாற்ற வேண்டும். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவை விசாரிக்க ஒரு வழி வேண்டும்.

உங்கள் பே-ஸ்லிப்பில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், இந்தத் திட்டத்தின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், என் தோழியின் நிலைமைதான் உங்களுக்கும்.